பறக்கும் வீரர்களும் தரையில் நிற்கும் நாமும்

படித்து முடித்ததும் அலமாரியில் அடுக்கி வைக்கும் நூல்கள் சில. படித்து முடித்ததும் பழைய பேப்பர் கடைக்குப் போகும் நூல்கள் பல. இரண்டாவது வகையைப் பற்றியே இங்குச் சிந்திக்க விரும்புகிறோம். இரயில் பயணத்திற்கென வாங்கும் துப்பறியும் நாவல், பிள்ளைகள் பாதி படித்துக் கட்டிலில் போட்டுச் சென்ற படக்கதை, முகமூடி அணிந்த ஒருவன் கூரைவிட்டுக் கூரை தாவித் தீயோரைப் பிடித்துக் கொடுக்கும் கதை ஆகியவற்றை நாமும் படிக்கிறோம். ஆய்வாளராகப் படிப்பதில்லை, பொழுதுபோக்கு வாசகராகவே படிக்கிறோம். படித்ததை நாலுபேர் முன் சொல்ல மட்டும் சற்றுக் கூசுகிறோம்.

அந்தக் கூச்சம் தேவைதானா? இக்கதைகள் நம் உள்ளத்தில் எதை விட்டுச் செல்கின்றன? வல்லவன் ஒருவன் வருவான், வந்து எல்லாவற்றையும் நேராக்கிவிடுவான் என்னும் கதையை நூறுமுறை படித்துப் பழகிய மனம், ஞாயிறு திருப்பலியில் பீடத்தின் மேலுள்ள சிலுவையை நோக்கும்போது எதைக் காண்கிறது? கேள்வி சிறுபிள்ளைத்தனமானதாகத் தோன்றலாம். ஆனால் நம் வீட்டுப் பிள்ளைகள் மறைக்கல்வி வகுப்பில் செலவிடும் நேரத்தைவிட இந்த வீரர்களோடு செலவிடும் நேரம் மிக அதிகம் என்பதை எண்ணும்போது, கேள்வியை அப்படி ஒதுக்கிவிட இயலவில்லை.

திருச்சபை இத்தகைய நூல்களை ஐயத்தோடு நோக்கிய வரலாறு நீண்டது. அவிலா நகர்ப் புனித தெரேசாள் தம் வாழ்க்கை வரலாற்றில் இதைப் பற்றி மனம்விட்டு எழுதியிருக்கிறார். அவருடைய தாயாருக்கு அக்காலத்து வீரசாகச நாவல்களில் தீராத விருப்பம். தந்தைக்கோ அவை பிடிக்கா. எனவே தாயும் மகளும் தந்தையின் கண்ணுக்கு மறைவாகப் படித்தனர். புதிய புத்தகம் ஒன்று கையில் இல்லாவிடில் மனம் நிறைவடையாத நிலைக்குத் தாம் ஆளானதாகத் தெரேசாள் ஒப்புக்கொள்கிறார். மறைவல்லுநர் என்று திருச்சபை போற்றும் ஒருவர் இளமையில் நாவல் பைத்தியமாக இருந்தார் என்பது, நம் வீட்டுப் பெற்றோருக்குச் சிறிது ஆறுதல் தரக்கூடும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸ் நாளிதழ்களில் தொடர்கதைகள் வெள்ளமாய்ப் பெருகியபோது, தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலில் அவற்றுள் சில இடம்பெற்றன. யூஜீன் சூவின் நாவல்கள் அப்பட்டியலில் இருந்தன. அலெக்சாந்தர் துமாவின் காதல் நாவல்களும் இருந்தன. அப்பட்டியல் 1966இல்தான் சட்ட வலுவை இழந்தது. அமெரிக்காவில் படக்கதைகள் பரவியபோது, நல்லொழுக்க இலக்கியத்திற்கென 1938இல் அந்நாட்டு ஆயர்கள் ஓர் அமைப்பையே ஏற்படுத்தினர். 1948இல் நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டன் நகரில், கத்தோலிக்கப் பள்ளி மாணவர்கள் வீடுவீடாகச் சேர்த்துவந்த படக்கதைகள் பள்ளி வளாகத்தில் தீயிடப்பட்டன. உலகப் போர் முடிந்து மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்த வேளையில், நூல்களைத் தீயிலிடும் காட்சி எதை நினைவூட்டும் என்பதை அந்நல்லோர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அதே காலத்தில் வேறொரு வழியும் இருந்தது. 1946 முதல் 1972 வரை, ஒகாயோ மாநிலத்தின் டேட்டன் நகரிலிருந்து ‘டிரஷர் செஸ்ட்’ என்னும் கத்தோலிக்கப் படக்கதை இதழ் வெளிவந்து பங்குப் பள்ளிகளில் வழங்கப்பட்டது. எரிப்பதைவிட வரைவது நல்லது என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். அவ்விதழில் 1964இல் வந்த ஒரு தொடர் குறிப்பிடத்தக்கது. குடியரசுத் தலைவர் தேர்தலில் நிற்கும் நல்லவர் ஒருவரின் பரப்புரைக் கதை அது. இதழுக்கு இதழ் அவருடைய நேர்மையும் துணிவும் சொல்லப்படும். முகம் மட்டும் காட்டப்படாது. கடைசிப் பக்கத்தில்தான் அவர் ஒரு கறுப்பினத்தவர் என்பது சிறுவர்களுக்குத் தெரியவரும். அவரை அதற்குள் அவர்கள் விரும்பத் தொடங்கியிருப்பர். முகமூடி என்னும் மலிவான உத்தியை இதைவிடச் சிறப்பாகப் பயன்படுத்திய கதை நாம் அறிந்தவரை இல்லை.

மலிவுக் கதைகளுக்காக வழக்காடிய கத்தோலிக்கர்களுள் முதலிடம் செஸ்டர்டனுக்கு உரியது. 1901இல் அவர் அதை எழுதியபோது இன்னும் கத்தோலிக்கராகவில்லை. 1922இல்தான் திருச்சபையில் சேர்ந்தார். ஏழைச் சிறுவர்கள் காசு கொடுத்து வாங்கும் கொள்ளையர் கதைகளைக் கற்றோர் பழித்துக்கொண்டிருந்த காலம் அது. அக்கதைகள் நடை நயமற்றவை என்பதை அவர் மறுக்கவில்லை. ஆனால் துணிவு நல்லது, துரோகம் தீது, எளியோரைக் காப்பது கடமை என்னும் அடிப்படைகளில் அவை ஒருபோதும் ஐயம் எழுப்புவதில்லை என்றும், அந்த அடிப்படைகளையே அசைக்கும் நூல்கள் கற்றோரின் மேசையில்தான் இருக்கின்றன என்றும் வாதிட்டார். பின்னர் அவரே அருள்தந்தை பிரவுன் என்னும் துப்பறியும் குருவைப் படைத்தார். குட்டையான உருவம், பழைய குடை, எவரும் பொருட்படுத்தாத முகம். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் மனித மனத்தின் இருளைக் கேட்டுக்கேட்டு அறிந்தவர் என்பது ஒன்றே அவருடைய ஆற்றல். ஃபிளாம்போ என்னும் பெருந்திருடனை அவர் பிடிப்பதோடு கதை முடிவதில்லை. அவன் மனம் மாறி அவருக்கே நண்பனாகிறான். வெகுசன நாவல் உலகில் குற்றவாளி மனந்திரும்ப இடம் கொடுத்த கதைகள் மிகக் குறைவு.

கூச்சம் தேவையா என்பதற்குச் செஸ்டர்டன் தரும் விடை பாதி விடைதான். கதையில் அறம் இருக்கிறதா என்பதை அவர் பார்த்தார். கதையை மூடிவைத்த பின் வாசகருக்குள் என்ன நிகழ்கிறது என்பது வேறு கேள்வி. இக்கேள்விக்கு முதன்முதலில் அளவுகோல் வகுத்துத் தந்தவர் ஒரு படைவீரர்.

1521ஆம் ஆண்டு மே மாதம் பாம்பிலோனா கோட்டையில் பீரங்கிக் குண்டால் கால் முறிந்த இஞ்ஞாசியார், லொயோலாவிலுள்ள தம் குடும்ப மாளிகையில் படுக்கையில் கிடந்தார். பொழுது போகவில்லை. வழக்கமாகப் படிக்கும் வீரசாகச நாவல்களைக் கேட்டார். வீட்டில் அவை இல்லை. கிடைத்தவை கிறிஸ்துவின் வாழ்க்கை வரலாறும் புனிதர் வரலாறும் மட்டுமே. வேறு வழியின்றி அவற்றைப் படித்தார். இடையிடையே, முன்பு படித்த நாவல்களின் பாணியில், ஓர் உயர்குலப் பெண்மணிக்காகத் தாம் ஆற்றப்போகும் வீரச் செயல்களை எண்ணி மணிக்கணக்கில் கனவு கண்டார். பிறகு பிரான்சிசும் சாமிநாதரும் செய்தவற்றைத் தாம் செய்தால் என்ன என்றும் எண்ணினார். இரண்டு எண்ணங்களும் எண்ணும்போது இனித்தன. ஆனால் முதல் எண்ணம் அகன்றபின் மனம் வறண்டு கிடந்தது. இரண்டாவது அகன்றபின்னும் மகிழ்ச்சி எஞ்சியிருந்தது. இந்த வேறுபாட்டை ஒருநாள் அவர் கவனித்தார். ஆவிகளைத் தேர்ந்து தெளியும் கலை என்று பின்னாளில் அவர் கற்பித்த அனைத்திற்கும் அதுவே தொடக்கம் என்பதை இயேசு சபையினர் நன்கறிவர்.

இங்கே நாம் பெரும்பாலும் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்றுண்டு. மனம் மாறிய இஞ்ஞாசியார் 1522 மார்ச்சில் மொன்செராட் மலைக்குச் சென்று, அன்னை மரியாவின் பீடத்தின் முன் இரவெல்லாம் விழித்திருந்து தம் வாளையும் குறுவாளையும் காணிக்கையாக விட்டுவந்தார். இந்த ஆயுத விழிப்பு அவர் எந்த மறைநூலிலும் கற்றதன்று. ‘அமாதிஸ்’ போன்ற நாவல்களால் நிறைந்திருந்த தம் மனத்திலிருந்தே அந்த எண்ணம் எழுந்தது என்று தன்வரலாற்றில் அவரே சொல்லியிருக்கிறார். ஆக, சாகச நாவல் அவரை ஆண்டவரிடமிருந்து பிரித்துவைத்த தடையாகவும் இருந்தது. ஆண்டவரிடம் வந்துசேர்ந்தபோது தம்மை ஒப்புக்கொடுக்க அவருக்குத் தெரிந்திருந்த ஒரே மொழியாகவும் இருந்தது. இந்நூல்களை முற்றிலும் தள்ளவோ முற்றிலும் கொள்ளவோ நம்மால் இயலாததற்குக் காரணம் இதுவே.

இஞ்ஞாசியாரின் அளவுகோலை நமக்குத் தெரிந்த ஒரு வீரனிடம் வைத்துப் பார்ப்போம். சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் வெளிவரத் தொடங்கியபோது, தமிழ்ச் சிறுவர்களின் உள்ளத்தைக் கொள்ளைகொண்டவன் இரும்புக்கை மாயாவி. பிறந்த இடம் இங்கிலாந்து. 1962இல் ‘வேலியன்ட்’ என்னும் சிறுவர் இதழில் தோன்றியவன். ஆய்வுக்கூட உதவியாளன் ஒருவன் கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொள்கிறான். உயரழுத்த மின்சாரம் உடலில் பாய்ந்தால் அவன் உருவம் மறைந்துவிடும். இரும்புக்கை மட்டும் மறையாது.

உருவம் மறையும் மனிதன் கதைக்குப் புதியவனல்லன். மோதிரத்தைத் திருப்பியதும் மறைந்துபோகும் ஆயன் ஒருவனைப் பற்றிப் பிளேட்டோ தம் ‘குடியரசு’ நூலில் சொல்கிறார். அவன் அரசியைக் கவர்ந்து, அரசனைக் கொன்று, நாட்டைப் பிடித்துக்கொள்கிறான். நல்லவன் கையில் அம்மோதிரம் கிடைத்தாலும் அவன் அதையேதான் செய்வான், பிறர் காண்கிறார்கள் என்பதால் மட்டுமே மனிதர் நேர்மையாய் இருக்கின்றனர் என்பது அக்கதையை எடுத்துரைப்பவரின் வாதம். 1897இல் எச். ஜி. வெல்ஸ் எழுதிய நாவலிலும் மறையும் மனிதன் கொலைகாரனாகவே முடிகிறான். மூல ஆங்கிலக் கதையில் இரும்புக்கை மாயாவியும் முதலில் குற்றவழியில் இறங்கியவன்தான். பிறகே நல்வழிக்குத் திரும்பி உளவாளியாகப் பணிபுரிகிறான்.

பிளேட்டோவின் மோதிரத்தில் இல்லாத ஒன்று இந்தச் சிறுவர் கதையில் இருக்கிறது. மறையாத கை! முகம் மறையலாம், பெயர் மறையலாம், செயல் புரிந்த கை மட்டும் காற்றில் தொங்கிக்கொண்டு எல்லாருக்கும் தெரிந்துகொண்டே இருக்கும். படம் வரைவதற்கு வசதியாக, எதிரே ஏதாவது கண்ணுக்குத் தெரியவேண்டுமே என்பதற்காக ஆசிரியர் செய்த ஏற்பாடாக இது இருக்கலாம். ஆயினும் மறைவில் உள்ளதைக் காணும் தந்தையைப் பற்றி மலைப்பொழிவில் கேட்கும் நமக்கு, அந்தக் கை வேறொன்றைச் சொல்கிறது. பெயரின்றி, முகமின்றிப் பிறரைத் தூற்றக் கைப்பேசியே போதும் என்றாகிவிட்ட இந்நாளில், மோதிரம் எல்லார் விரலிலும் இருக்கிறது. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க மறையாத கை நல்ல படம். இந்தக் கதையை மூடியபின் எஞ்சுவது வறட்சி அன்று எனலாம்.

எல்லாக் கதைகளையும் பற்றி அவ்வாறு சொல்ல முடியவில்லை. மேலே குறிப்பிட்ட யூஜீன் சூவின் ‘பாரிஸ் நகர மர்மங்கள்’ 1842-43இல் நாளிதழில் தொடராக வந்து பிரான்சு நாட்டையே கட்டிப்போட்டது. மாறுவேடத்தில் ஏழைகளின் சந்துகளில் நடந்து, நல்லோருக்கு உதவி, தீயோரைத் தண்டிக்கும் இளவரசன் ரொடோல்ஃப் அதன் நாயகன். இன்றைய முகமூடி வீரர் அனைவருக்கும் பாட்டன் என்று அவனைச் சொல்லலாம். கொடிய குற்றவாளி ஒருவன் அவன் கையில் சிக்குகிறான். ரொடோல்ஃப் அவனை நீதிமன்றத்திடம் ஒப்படைப்பதில்லை. தன் மருத்துவனைக் கொண்டு அவன் கண்களைப் பறித்துவிடுகிறான். குருடனாய் இருந்து மனம் வருந்தட்டும் என்று காரணமும் சொல்கிறான். வாசகர் கைதட்டினர். இதைக் கடுமையாகச் சாடியவர்களுள் ஒருவர் கார்ல் மார்க்ஸ் என்பதும், அவர் சாடிய நூலின் பெயர் ‘திருக்குடும்பம்’ என்பதும் வரலாற்றின் குறும்பு.

கைதட்டல்தான் நம்மை அஞ்சவைக்கிறது. 2019 டிசம்பரில் ஐதராபாத் அருகே, இளம் மருத்துவர் ஒருவரைப் பாலியல் வன்கொடுமை செய்து கொன்றதாகக் கைதான நால்வரைக் காவல்துறை சுட்டுக்கொன்றது. அந்த மருத்துவருக்கு நேர்ந்த கொடுமை யாருடைய நெஞ்சையும் கொதிக்கவைக்கும். கொதித்த மக்கள் காவலர் மீது மலர் தூவினர், இனிப்பு வழங்கினர். உச்சநீதிமன்றம் அமைத்த ஆணையத்தின் அறிக்கை 2022இல் வெளியானபோது, அந்நால்வரும் கொல்லும் நோக்குடனேயே சுடப்பட்டனர் என்றும், அவர்களுள் மூவர் அப்போது பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் என்றும் தெரியவந்தது. வழக்கு விசாரணை நடக்கவேயில்லை. அவர்கள்தாம் குற்றவாளிகளா என்பதை இனி எந்த நீதிமன்றமும் சொல்லப்போவதில்லை. மலர் தூவிய கைகளுள் நாள்தோறும் திருப்பலி காண்போரின் கைகள் எத்தனை என்று யாரும் எண்ணவில்லை. ஆனால் அச்செய்தியைக் கேட்டுக் கத்தோலிக்க இல்லங்களிலும் “சரியாகத்தான் செய்தார்கள்” என்று பேசப்பட்டதை நாம் அறிவோம். இத்தகைய முடிவை நாம் பலமுறை கதையில் படித்து, திரையில் பார்த்து மகிழ்ந்திருக்கிறோம். நிகழ்ந்தபோது அது நமக்குப் பழகிய காட்சியாகவே இருந்தது.

இதற்கு நேர்மாறாக, படக்கதை உலகின் ஒரு வழக்கம் நம் மதிப்புக்கு உரியது. 1939இல் பேட்மேன் தோன்றியபோது அவனும் கொன்றான். கொன்றதற்கு வருந்தவும் இல்லை. அடுத்த ஆண்டிலேயே அதன் பதிப்பாசிரியர்கள், இவன் இனி யாரையும் கொல்லக்கூடாது, துப்பாக்கி ஏந்தக்கூடாது என்று விதித்தனர். சிறுவர் படிக்கும் இதழ் என்பதும், பெற்றோரின் கண்டனம் வரும் என்பதும் அதற்குக் காரணங்களாய் இருந்திருக்கலாம். காரணம் எதுவாயினும், அந்த விதி எண்பது ஆண்டுகளுக்கு மேலாக அவனோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. எத்தனை முறை தப்பி வந்து எத்தனை பேரைக் கொன்றாலும், தன் கொடும்பகைவனைப் பிடித்துக் காவலில் ஒப்படைப்பதோடு அவன் நின்றுவிடுகிறான். விதியை மீறிய எழுத்தாளர்களும் திரைப்பட இயக்குநர்களும் உண்டு; மீறியபோதெல்லாம் வாசகர்களே குரல் எழுப்பினர். மரண தண்டனை ஏற்கத்தக்கதன்று என்று 2018இல் திருத்தந்தை பிரான்சிஸ் மறைக்கல்வி நூலைத் திருத்தியபோது, கொடுங்குற்றம் புரிந்தபின்னும் மனிதனின் மாண்பு அழிவதில்லை என்பதே அடிப்படையாகக் கூறப்பட்டது. நம்முள் பலருக்கு அத்திருத்தம் இன்னும் தொண்டையில் சிக்கிய முள்ளாக இருக்கிறது. பேட்மேன் படிக்கும் சிறுவனுக்கு அது அவ்வளவு கடினமாய் இராது என்று தோன்றுகிறது.

கத்தோலிக்க வீரர்களும் இவ்வுலகில் உண்டு. டேர்டெவில் என்னும் பார்வையற்ற வழக்கறிஞன் கத்தோலிக்கன், பாவசங்கீர்த்தனம் செய்கிறான், அவன் தாயோ துறவற சபையைச் சேர்ந்த அருள்சகோதரி. எக்ஸ்-மென் குழுவின் நைட்கிராலர், பார்வைக்குச் சாத்தானைப் போலவும் பக்தியில் சிறந்தவனாகவும் படைக்கப்பட்டவன். இவர்களைக் கண்டு நாம் பெரிதாக மகிழ வேண்டியதில்லை. கழுத்தில் செபமாலை அணிந்திருப்பதால் ஒருவன் குத்தும் குத்து திருமுழுக்குப் பெற்றதாகிவிடாது.

1962ஆம் ஆண்டிற்கு மீண்டும் வருவோம். இரும்புக்கை மாயாவி பிறந்த ஆண்டு. ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் ஸ்பைடர்மேனைப் படைத்த ஆண்டு. அதிமனிதன் சூப்பர்மேனைப் பற்றி உம்பர்த்தோ எக்கோ தம் புகழ்பெற்ற கட்டுரையை எழுதிய ஆண்டு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் தொடங்கியதும் அவ்வாண்டு அக்டோபரில்தான். இவற்றிற்குள் தொடர்பு ஏதும் இல்லை. ஆண்டு நினைவில் நிற்க உதவும்.

ஸ்பைடர்மேனின் தொடக்கக் கதையை நம் மறைக்கல்வி ஆசிரியர்கள் அறிந்திருப்பது நல்லது. பெற்றோர் இல்லாது, பெரியப்பாவிடமும் பெரியம்மாவிடமும் வளரும் பள்ளிச் சிறுவன் பீட்டர் பார்க்கர். தற்செயலாக ஆற்றல் கிடைத்ததும் அதை வைத்துத் தொலைக்காட்சியில் காசு பார்க்கிறான். ஒருநாள் திருடன் ஒருவன் அவனைக் கடந்து ஓடுகிறான். துரத்தி வந்த காவலர் நிறுத்தச் சொல்லியும் அவன் நிறுத்தவில்லை. அது தன் வேலையன்று என்று நின்றுவிடுகிறான். சில நாளில் அதே திருடன் அவனுடைய பெரியப்பாவைக் கொன்றுவிடுகிறான். பீட்டர் எந்தத் தீமையும் செய்யவில்லை. சும்மா நின்றான், அவ்வளவே. எரிகோ சாலையில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு மறுபக்கமாக விலகிச் சென்ற குருவும் லேவியரும் செய்ததும் அதுதான். கடமையில் தவறுவதும் பாவமே என்று திருப்பலித் தொடக்கத்தில் மார்பில் தட்டி ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் ஒப்புரவு அருட்சாதனத்தில் அதை உண்மையிலேயே அறிக்கையிடுவோர் எத்தனை பேர்? செய்தவற்றின் பட்டியலோடு எழுந்து வந்துவிடுகிறோம். செய்யாமல் விட்டது கொலைக்குச் சமமாகலாம் என்பதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் புரியவைக்கப் பத்துப் பக்கத்தைவிடச் சற்று அதிகமே கொண்ட அப்படக்கதைக்கு முடிந்திருக்கிறது.

எக்கோவின் குறை வேறு விதமானது. இத்தாலியரான அவர் புனித தாமஸ் அக்குவினாசின் அழகியலை ஆய்ந்து பட்டம் பெற்றவர். பொழுதுபோக்கு நூல்களை ஏளனம் செய்யாமல் படித்தவர். மலையைத் தூக்கவும் நொடிப்பொழுதில் உலகைச் சுற்றவும் வல்ல ஒருவன், உலகின் பசியையோ அநீதியையோ தொடுவதேயில்லை; ஒரே நகரத்தில் வங்கித் திருடர்களைத் துரத்திக்கொண்டிருக்கிறான் என்று அவர் சுட்டினார். தீமை என்றால் பிறர் சொத்தைத் திருடுவது, நன்மை என்றால் தருமம் கொடுப்பது. இதற்குமேல் அவனுடைய அறம் வளரவில்லை.

கூரிய பார்வைதான். ஆனால் சூப்பர்மேன் பிறக்கும்போதே அப்படி இருந்ததில்லை. 1938இல் வந்த அவனுடைய மூன்றாவது கதையிலேயே, பாதுகாப்பற்ற சுரங்கத்தில் தொழிலாளர் சிக்கிக்கொண்டதைக் கண்டு, அவன் சுரங்க முதலாளியையும் அவருடைய விருந்தினரையும் அதே சுரங்கத்திற்குள் இறங்கவைத்து, வழியை அடைத்து, அஞ்சி நடுங்கச் செய்து, பின்பு திருந்தச் செய்கிறான். மனைவியை அடிக்கும் கணவனையும், அரசியல்வாதிக்கு இலஞ்சம் தரும் தரகனையும் அவன் அக்காலத்தில் விட்டுவைக்கவில்லை. நாளாக ஆக, இதழ் பெரும்பணம் ஈட்டத் தொடங்கியபின், முதலாளிகள் கதையிலிருந்து மறைந்தனர்; வங்கித் திருடர்கள் பெருகினர். எல்லாம் வல்லவனைச் சிறியவனாக்க முடிந்தது வணிகம் ஒன்றினால்தான்.

எக்கோ தொடாத ஒன்று நம் மனத்தை உறுத்துகிறது. அந்நகரத்து மக்கள்! ஒவ்வொரு படத்திலும் தெருவில் நின்று அண்ணாந்து வானத்தைச் சுட்டிக்காட்டும் மக்கள். எண்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர்கள் அங்கேயே நிற்கின்றனர். கட்டடம் இடிந்து விழும்போது ஓடுகின்றனர், காப்பாற்றப்பட்டதும் கைதட்டுகின்றனர். ஒருவர் காயத்தை இன்னொருவர் கட்டுவதை நாம் அதிகம் காண்பதில்லை.

யோவான் நற்செய்தியிலும் இப்படியொரு கூட்டம் வருகிறது. அப்பம் பெருகியதைக் கண்ட மக்கள், ஆண்டவரைப் பிடித்துக்கொண்டுபோய் அரசராக்க முனைந்தனர். அவரோ தனியே மலைக்கு விலகிச் சென்றார். பாலைநிலத்தில் அலகை விரித்த வலையும் அதுவே. கல்லை அப்பமாக்குவது, கோவில் உச்சியிலிருந்து குதித்தும் அடிபடாது நிற்பது, உலகின் அரசுகளையெல்லாம் கையில் எடுத்துக்கொள்வது – இம்மூன்றையும் நல்ல நோக்கத்தோடு செய்பவரைத்தான் படக்கதையில் மாவீரர் என்கிறோம். இம்மூன்றையும் மறுத்தது ஏன் என்று தஸ்தயேவ்ஸ்கியின் நாவலில் ஒரு முதிய கர்தினால் சிறையிலிருக்கும் கிறிஸ்துவிடம் சினந்து கேட்கிறார். நீர் ஏற்றிருந்தால் மக்கள் உமக்குக் கீழ்ப்படிந்து கவலையின்றி இருந்திருப்பார்களே என்பது அவருடைய வழக்கு. கல்வாரியில் நின்றோர் கேட்டதும் ஒரு சாகசத்தைத்தான். சிலுவையிலிருந்து இறங்கி வா, நம்புகிறோம் என்றனர். இறங்கியிருந்தால் கைதட்டியிருப்பர்.

அரசராக மறுத்தவர் அப்பம் தர மறுக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஆனால் அந்த அப்பம் வானிலிருந்து விழவில்லை. கூட்டத்தில் ஒரு சிறுவனிடம் இருந்த ஐந்து வாற்கோதுமை அப்பங்களிலிருந்தும் இரண்டு மீன்களிலிருந்தும் வந்தது. எரிகோ சாலையின் சமாரியரிடமும் இருந்தவை சிறிது எண்ணெய், சிறிது இரசம், சுமை சுமக்கும் விலங்கு ஒன்று, இரண்டு தெனாரியம். அவர் தாமதமாகத்தான் வந்தார். கள்வர் அதற்குள் ஓடிவிட்டனர். கள்வரைத் துரத்த அவர் போகவுமில்லை. சாகசக் கதையாக எழுதினால் கள்வரைப் பிடிப்பதுதான் கதை. காயத்தைக் கட்டுவது அரைப்பக்கத்தில் முடிந்திருக்கும். லூக்கா நற்செய்தியில் கள்வருக்கு ஒரு வரிகூட முழுதாகக் கிடைக்கவில்லை.

இஞ்ஞாசியாரின் படுக்கையறைக்கு இதை எடுத்துச் சென்றால், ஏன் ஒரு நூல் வறட்சியையும் இன்னொன்று மகிழ்ச்சியையும் விட்டுச்சென்றது என்பது சற்று விளங்குகிறது. பிரான்சிசின் கதையைப் படித்தவர், நானும் செய்தால் என்ன என்று கேட்க முடிந்தது. பறப்பவனின் கதையைப் படிப்பவர் அப்படிக் கேட்க வழியில்லை. அவன் வரமாட்டானா என்றே கேட்க முடியும். தேர்தலுக்குத் தேர்தல் நாம் யாரைத் தேடுகிறோம், பங்கில் சிக்கல் என்றால் புதிய பங்குத்தந்தை வந்து எல்லாவற்றையும் சரிசெய்வார் என்று எப்படிக் காத்திருக்கிறோம் என்பவற்றை நினைத்தால், அண்ணாந்து பார்க்கும் பழக்கம் படக்கதையோடு நின்றுவிடவில்லை என்பது தெரியும்.

சூப்பர்மேனைப் படைத்த இருவரின் வரலாற்றைச் சொல்லாமல் இதை முடிக்க மனமில்லை. ஜெரி சீகல், ஜோ ஷஸ்டர் இருவரும் கிளீவ்லாந்து நகரில் வளர்ந்த, குடியேறிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். சீகலின் தந்தை சிறு துணிக்கடை நடத்தியவர். 1932இல் அக்கடையில் திருடர் புகுந்தபோது மாரடைப்பால் இறந்தார். அடுத்த சில ஆண்டுகளில், குண்டு துளைக்காத உடல் கொண்ட ஒருவனை மகன் கற்பனை செய்தார். 1938இல் நண்பர் இருவரும் அந்தக் கற்பனையின் முழு உரிமையையும் 130 டாலருக்குப் பதிப்பகத்திடம் எழுதிக்கொடுத்தனர். பத்தாண்டுகள் அதே கதையை எழுதியும் வரைந்தும் ஊதியம் பெற்றனர். உரிமை கேட்டு வழக்கு தொடுத்தபின் அந்த வேலையும் போயிற்று. கதையின் மேலிருந்த அவர்களுடைய பெயர்களும் நீக்கப்பட்டன. எழுபதுகளில் சீகல் அலுவலக எழுத்தராகக் காலம் தள்ளினார். ஷஸ்டருக்குக் கண்பார்வை ஏறக்குறைய போய்விட்டது.

1975இல் அக்கதையைப் பெருஞ்செலவில் திரைப்படமாக்கும் செய்தி வந்தது. சீகல் தம் நிலையை நாளிதழ்களுக்கு எழுதினார். அதைப் படித்த நீல் ஆடம்ஸ், ஜெரி ராபின்சன் என்னும் ஓவியர் இருவர் அதைத் தம் வேலையாக எடுத்துக்கொண்டனர். இருவரும் அப்பதிப்பகத்திற்காக வரைந்தவர்கள். பகைத்துக்கொண்டால் இழப்பு அவர்களுக்கும்தான். தொலைபேசியில் பேசினர், தொலைக்காட்சிக்குச் சென்றனர், ஓவியர் சங்கத்தைத் திரட்டினர், கையெழுத்து வாங்கினர், வழக்கறிஞர்களோடு மன்றாடினர். அவ்வாண்டு டிசம்பரில் நிறுவனம் இணங்கியது. ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் ஓய்வூதியமும் மருத்துவச் செலவும் தருவதாக உடன்பாடு ஏற்பட்டது. அந்த 130 டாலர் காசோலையின் தாள் 2012இல் 1,60,000 டாலருக்கு ஏலம் போனது. முதல் இதழின் ஒரு படி 2024இல் 60 இலட்சம் டாலருக்குப் போனது. ஷஸ்டர் 1992இலும் சீகல் 1996இலும் காலமாகிவிட்டிருந்தனர்.

உடன்பாட்டில் பணத்தைத் தவிர இன்னொன்றும் இருந்தது. அதையும் விட்டுக்கொடுக்காமல் ராபின்சன் கடைசிவரை வாதாடினார். அதன்படி, அடுத்து வந்த இதழ்களிலிருந்து சூப்பர்மேன் கதையின் முதல் பக்கத்தில் ஜெரி சீகல், ஜோ ஷஸ்டர் என்னும் இரண்டு பெயர்களும் மீண்டும் அச்சாகின்றன.